சந்தனம் பட்டதெல்லாம் அசல்

உலகத்தில் எது அசல், எது போலி என்று தீர்மானிக்கும் பொறுப்பு ஆதிகாலம் தொட்டுக் கடவுளிடம் இருந்துவந்தது. 2009-ஆம் ஆண்டில் அது செங்கல்பட்டுக்கு மாற்றப்பட்டது. ஜி.எஸ்.டி. சாலையில், பஞ்சர் கடைக்கும் பரோட்டா கடைக்கும் நடுவே உள்ள மஞ்சள் கட்டடத்தில் 'படைப்பொருள் அசல்தன்மை உறுதிப்பாட்டு மையம்' திறக்கப்பட்டதைத்தான் சொல்கிறேன். கடவுள் இதற்கு ஆட்சேபம் தெரிவித்ததாகக் கோப்புகளில் எதுவும் இல்லை.

அந்த மையத்தில் கூட்டங்களுக்கு நடவடிக்கைக் குறிப்பு எழுதும் பணி எனக்குக் கிடைத்தது என் முன்னோர் செய்த புண்ணியம். "நாட்டோட பாதுகாப்பே உங்க பேனா முனையிலதான் இருக்கு" என்று எங்கள் இயக்குநர் டாக்டர் சுப்புராமன் ஒருமுறை மனம்விட்டுச் சொன்னார். புதுப் பேனா கேட்டு நான் விண்ணப்பித்திருந்த சமயம் அது. பேனா வரவில்லை. அந்த வாக்கியம் வந்ததே, அது போதாதா?

மையத்தின் தேவையை எவரும் மறுக்க முடியாது. ராணுவத்துக்குப் போகும் பூட்ஸ், பெல்ட், கயிறு, கையுறை எல்லாவற்றிலும் போலிகள் நுழைந்துவிடுகின்றன. லேபிள் ஒட்டினால் லேபிளையும், முத்திரை வைத்தால் முத்திரையையும் நகல் எடுத்துவிடுகிறார்கள். ஆகவே நகல் எடுக்கவே முடியாத ஒன்றை விஞ்ஞானம் கண்டுபிடித்தது. திறப்பு விழாவில் இயக்குநர் அதை எங்களுக்கு விளக்கினார்.

"உயிருள்ள எல்லாத்துக்குள்ளயும் டி.என்.ஏ.ன்னு ஒரு மூலக்கூறு இருக்கு. அதுல நாலே நாலு எழுத்து. அந்த நாலை மாத்தி மாத்தி அடுக்கினா எதை வேணாலும் எழுதி வைக்கலாம். ஒரு சொட்டுக்குள்ள ஒரு நூலகத்தையே அடக்கிடலாம்!"

எங்கள் ஓட்டுநர் கண்ணாயிரம் கையைத் தூக்கினார். "இன்னா சார், அம்மாந்தூண்டு சொட்டுல கீறத எவன் சார் படிப்பான்?"

"மெஷின் படிக்கும்ப்பா."

"அப்பொ சரி. எனக்கும் வெள்ளெழுத்து ஆரம்பிச்சிக்கினு கீது."

நடைமுறை எளியது. அங்கீகாரம் பெற்ற ஒப்பந்தக்காரருக்கு மட்டும் அந்த மூலக்கூறு கலந்த திரவம் ஒரு குப்பி தரப்படும். அவர் தன் சரக்கில் ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொட்டு வைத்து அனுப்புவார். சரக்கு இங்கே வந்ததும் மூலக்கூறுப் பொறியாளர் ஆதித்யா ஒரு பஞ்சுக்குச்சியால் அதைத் தேய்த்து இயந்திரத்துக்குள் செருகுவான். இயந்திரம் ஒரு டீ குடிக்கும் நேரம் யோசிக்கும். பச்சை விளக்கு எரிந்தால் அசல். சிவப்பு எரிந்தால் போலி. "சோப்பு, பெட்ரோல், காலம், இந்த மூணாலயும் அந்தச் சொட்டை அழிக்க முடியாது" என்று இயக்குநர் சொன்னபோது நாங்கள் கைதட்டினோம். அவரே பிறகு அந்த வாக்கியத்தை நினைத்து வருந்துவார் என்று அன்று எங்களுக்குத் தெரியாது.

குப்பிகளைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும் என்பது விதி. மையத்தில் இருந்த ஒரே பெட்டியில் இயக்குநரின் தயிர்ச் சம்படமும் இருந்தது. இரண்டும் பாதுகாப்பு முக்கியத்துவம் வாய்ந்தவை என்பதால் ஒரே சாவி.

மூலக்கூறுக்குள் என்ன வாசகம் எழுதுவது என்று தீர்மானிக்க ஒரு குழு அமைக்கப்பட்டது. நான் குறிப்பெழுதிய கூட்டங்களில் அதுவே மிக உன்னதமானது. கண்காணிப்பாளர் பிரபாவதி அம்மா ஒரு வாசகம் சொன்னார். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயில் பிரசாதத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து மேசைக்கு மேசை கொடுக்கிறவர் அவர்.

"'போட்டுக்கிறவன் நல்லா இருக்கணும்'னு எழுதலாமே சார்."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேடம், அது பிரார்த்தனை. இது விஞ்ஞானம். நல்லா இருக்கான்ங்கறதை எப்படி அளப்பீங்க?"

பிரபாவதி அம்மாவிடம் அளவுகோல் எதுவும் இல்லை. வாசகம் தள்ளுபடி ஆனது. கடைசியில் ஏகமனதாக முடிவானது இது: இயக்குநரின் பெயர், பட்டங்கள், பதவி, மையத்தின் முகவரி, பின்கோடு, தொலைநகல் எண், 'அலுவலக நேரம் பத்து முதல் ஐந்து வரை'. ஒரு நூலகமே கொள்ளும் இடத்தில் இவ்வளவு எழுதியும் இடம் மிஞ்சியது. விடுமுறை நாட்களின் விவரத்தையும் சேர்த்தோம்.

அந்த வருடம் பனிமலையில் உள்ள இரண்டு முகாம்களுக்குக் குளிர்காலக் கையுறை அனுப்பும் பொறுப்பு எங்களுக்கு வந்தது. கிடங்கில் இரண்டு குவியல்கள் இருந்தன.

ஒன்று பழைய சரக்கு. படாளத்தில் ஒரு தையல் கூடத்துப் பெண்கள் தைத்தது. மேலே கித்தான், உள்ளே கம்பளி, நடுவில் மெத்தென்று இன்னொரு துணி. விரலிடுக்குகளில் இரட்டைத் தையல். ஆனால் எங்கள் மையம் பிறப்பதற்கு முன்பே அவை பிறந்துவிட்டன. அதுதான் அவற்றின் குற்றம். ஆதித்யா குச்சியால் தேய்த்தான், சிவப்பு எரிந்தது. போலி. ஆயுத பூஜை முடிந்ததும் பின்கட்டில் எரித்துவிட உத்தரவாயிற்று.

இன்னொன்று புதுச் சரக்கு. அங்கீகாரம் பெற்ற ஒப்பந்தக்காரர் ராஜாராம் அனுப்பியது. மேலே பளபளப்பு, உள்ளே ஸ்பாஞ்சு, அதற்குள் ஒன்றும் இல்லை. விளக்கு வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கத்தில் நிற்பவர் தெரிந்தார். ஆனால் ஒவ்வொன்றின் மேலும் முறைப்படி ஒரு சொட்டு. பச்சை எரிந்தது. அசல். ஒரு முகாமுக்குத்தான் இது போதும். மற்ற முகாமுக்கு ராஜாராம் பிறகு தைத்துத் தருவார்.

முதலில் அனுப்ப வேண்டிய முகாமில்தான் கண்ணாயிரத்தின் மகன் ஜெயக்குமார் சிப்பாயாக இருந்தான். பழைய கையுறை தைத்த பெண்களில் கண்ணாயிரத்தின் மனைவி வேண்டாவும் ஒருத்தி. இது எங்களுக்குத் தெரியவந்தது ஐஸ் பெட்டியால்.

மையத்தின் ஜீப் வாரத்தில் பாதி நாள் மேலிடத்து விருந்தினர்களை மாமல்லபுரத்துக்குச் சிற்பம் பார்க்க அழைத்துப்போகும். ராணுவ ரகசியம் என்பதால் இதற்கு மேல் சொல்லக் கூடாது. அப்படிப் போய்த் திரும்பிய ஒரு நாள் கண்ணாயிரம் மீன் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு இயக்குநர் அறைக்குள் நுழைந்தார். மாமல்லபுரத்தில் மீன் விற்கும் ஏசுபாதம் அவருடைய சிநேகிதர். பெட்டி நிறைய ஐஸ். மீன் இல்லை, வாசனை மட்டும் இருந்தது.

இயக்குநர் மூக்கைப் பொத்திக்கொண்டார். "என்னப்பா இது? எடுத்துட்டுப் போ முதல்ல!"

"ஒரு நிமிசம் சார். இப்பொ பாருங்கோ." கண்ணாயிரம் இடது கையில் ராஜாராம் கையுறையையும் வலது கையில் படாளம் கையுறையையும் மாட்டிக்கொண்டு இரண்டு கைகளையும் ஐஸுக்குள் புதைத்தார். அப்படியே நின்றார். இயக்குநர் இரண்டு கோப்புகளில் கையெழுத்துப் போட்டார். கண்ணாயிரத்தின் முகம் கோணிற்று.

"சார், லெப்ட்டு செத்துப்பூட்ச்சி. ரைட்டு இன்னும் உசுரோட கீது."

"அதுக்கு?"

"அதுக்குன்னா? எம் புள்ள ஜெயக்குமாரு அந்தக் கேம்ப்லதான் கீறான் சார். துப்பாக்கி புடிக்கிற கையி. வெரலு வெறச்சிப் போச்சின்னா வெட்டிருவாங்களாம் சார், கூட இருந்த பையனுக்கு போன வருசம் ரெண்டு வெரலு போச்சி. இந்தப் பழசே போவட்டும் சார். புதுசு வாணாம்."

இயக்குநர் பொறுமையோடு எழுந்தார். கடமை தவறாத மனிதர்களுக்கே உரிய பொறுமை அது.

"கண்ணாயிரம், நம்ம மையத்துக்குக் கொடுத்திருக்கற வேலை என்ன? அசலா, போலியான்னு பார்க்கறது. சூடா இருக்கா, குளிரா இருக்கான்னு பார்க்கறது வேற டிபார்ட்மென்ட்."

"அது எங்க சார் கீது?"

"இன்னும் ஆரம்பிக்கல."

"வேண்டாதான் சார் தச்சது. எம் பொண்டாட்டி. அவ கையால தச்சது போலின்னா அந்தக் கை இன்னாங்கறீங்கோ?"

"பார்த்தியா! பெண்டாட்டி தைச்சது, பையன் போட்டுக்கப் போறது, நீ சோதனை பண்றே. இதுக்குப் பேரு சுயநலம்."

"ஆமா சார், சுயநலந்தான்" என்றார் கண்ணாயிரம். "எம் புள்ள வெரலு சார் அது."

ஐஸ் பெட்டி வெளியே போயிற்று. அறைக்கு ஊதுபத்தி ஏற்றப்பட்டது. 'ஓட்டுநர் எழுப்பிய பொருளுக்கு உரிய விளக்கம் அளிக்கப்பட்டது' என்று நான் குறிப்பெழுதினேன்.

ஆயுத பூஜை வந்தது.

எங்கள் பக்கத்தில் அன்றைக்குச் சந்தனம், குங்குமம் படாத இரும்பு இருக்காது. அம்மிக்குழவி முதல் ஆயில் இன்ஜின் வரை எல்லாம் குளித்துப் பொட்டு வைத்துக்கொள்ளும். மையத்திலும் பொரி, அவல், சுண்டல், சரஸ்வதி படத்துக்குச் சாமந்தி மாலை. பிரபாவதி அம்மா விடியற்காலையிலேயே வந்து ஒரு பெரிய கிண்ணம் நிறையச் சந்தனம் கரைத்து வைத்துவிட்டார்.

இயக்குநர் ஆஸ்திகர். "நம்ம மையத்தோட தலையாய ஆயுதம் எது? குப்பி! அது சாமி முன்னால இருக்க வேண்டாமா?" என்று அவரே தன் கையால் ஒரு முழுக் குப்பியைப் பெட்டியிலிருந்து எடுத்து, வெள்ளித் தட்டில், வெற்றிலை பாக்குக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அழகான சின்னக் குப்பி. உள்ளே தெளிவான நீர்.

குருக்கள் மிகுந்த அவசரத்தில் வந்தார். அவருக்கு அதன் பிறகு ஒரு லாரி ஷெட், ஒரு ரைஸ் மில், இரண்டு வங்கிகள் பாக்கி இருந்தன. "பன்னீர் எங்கேம்மா?" என்று கேட்டார். பிரபாவதி அம்மா விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டே, "தட்டுல பாருங்க சாமி" என்றார். அவர் பார்த்தார். மூடியைத் திருகினார். கிண்ணத்துச் சந்தனத்தில் ஒரு சொட்டு விடாமல் கவிழ்த்தார். உண்மையான பன்னீர் தட்டின் மறுகோடியில் வாழைப்பழத்துக்குப் பின்னால் அடக்கமாக இருந்தது.

எவரும் கவனிக்கவில்லை. எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தோம். பக்தியின் குறையல்ல அது, நிறை.

பிறகு பொட்டு வைக்கும் படலம். இயந்திரத்துக்கு, குளிர்பதனப் பெட்டிக்கு, ஜெராக்ஸுக்கு, ஜீப்புக்கு, சரக்கு லாரிக்கு, கேட்டுக்கு. பஞ்சர் கடைக்காரர் வந்து தன் கம்ப்ரஸருக்கு வாங்கிப்போனார். பரோட்டா கடைக்காரர் தோசைக்கல்லுக்கு வாங்கிப்போனார். இயக்குநர் நெற்றியில் அகலமாக ஒன்று. எங்கள் நெற்றிகளில் பதவிக்கு ஏற்ற அளவில். பூசணிக்காய்க்கும் சந்தனம் தடவிச் சாலையில் உடைத்தோம். ஒரு பசு வந்து பெரும் பங்கைத் தின்றது.

எல்லாம் முடிந்தும் கிண்ணத்தில் சந்தனம் மீதியிருந்தது. பிரபாவதி அம்மா கிடங்குப் பக்கம் பார்த்தார்.

"அந்தக் கையுறையெல்லாம் நாளன்னிக்கு எரிக்கப்போறாங்க இல்ல?"

"ஆமா மேடம்" என்றேன்.

"பாவம். எத்தனை பொம்பளைங்க குனிஞ்சு தைச்சிருப்பாங்க. ஒரு பொட்டுகூட வைக்காம நெருப்புல போடறதா? வாங்க, கிண்ணத்தைப் பிடிங்க."

நான் பிடித்தேன். பெட்டி பெட்டியாகப் பிரித்து ஒவ்வொரு கையுறைக்கும் மணிக்கட்டில் ஒரு பொட்டு வைத்துக்கொண்டே போனார். உதடு அசைந்துகொண்டிருந்தது. ஏதோ சுலோகம் என்று நினைத்துக் காதைக் கொடுத்தேன்.

"போட்டுக்கிறவன் நல்லா இருக்கணும். போட்டுக்கிறவன் நல்லா இருக்கணும்."

"மேடம், இதை யாரும் போட்டுக்கப்போறதில்லையே?"

"அது அவன் பார்த்துக்குவான்" என்று மேலே காட்டினார்.

லாரியின் டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்த கண்ணாயிரம் இதைத் தூரத்திலிருந்து பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

விஜயதசமி விடுமுறை கழிந்து அலுவலகம் திறந்தது. ஆதித்யா தினமும் இயந்திரத்தைச் சோதிக்க, நிச்சயம் போலி என்று தெரிந்த ஒரு பொருளை முதலில் கொடுத்துப் பார்ப்பான். அன்றைக்கும் படாளம் கையுறை ஒன்றை எடுத்துத் தேய்த்துச் செருகினான். பச்சை எரிந்தது.

வேறொன்று எடுத்தான். பச்சை. ஸ்டேப்ளரைத் தேய்த்தான். பச்சை. தண்ணீர்க் குடம், கதவின் தாழ்ப்பாள், ஜெராக்ஸ் எல்லாம் பச்சை. பஞ்சர் கடைக்கு ஓடிப்போய்க் கம்ப்ரஸரைத் தேய்த்துவந்தான். ராணுவத் தரத்தில் அசல். வெளிறிய முகத்தோடு இயக்குநர் அறைக்குள் போனான். நான் குறிப்பேட்டோடு பின்னால் போனேன்.

"சார், மெஷின் எல்லாத்தையும் அசல்னு சொல்லுது சார்."

"சொல்லட்டுமே. எல்லாம் அசலா இருக்கும்."

"அந்த எரிக்கப்போற கையுறையையும் சொல்லுது சார். ஸ்டேப்ளரையும் சொல்லுது. தட்டுல இருந்த குப்பி காலியா இருக்கு சார். சந்தனத்துல கலந்துட்டாங்கன்னு நினைக்கறேன்." ஆதித்யா தயங்கினான். "சார், தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க நெத்தி..."

இயக்குநர் நெற்றியைக் கொடுத்தார். ஒரு டீ நேரம் மூவரும் மூச்சுவிடாமல் நின்றோம். பச்சை. தன் பெயர், பட்டங்கள், தொலைநகல் எண் அத்தனையும் தன் நெற்றியிலேயே எழுதப்பட்டிருப்பதை அறிந்த மனிதரின் முகத்தை நான் அன்றுதான் பார்த்தேன்.

அவர் சோப்புப் போட்டுக் கழுவினார். பச்சை. சீயக்காய் போட்டார். பச்சை. ஜீப்பிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் கொண்டுவரச் சொன்னார். பச்சை. விஞ்ஞானம் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது.

உடனே அவசரக் கூட்டம். மேலிடத்திலிருந்து கேசவன் என்ற உயர் அதிகாரி அன்றைக்கே ஆய்வுக்கு வருகிறார். வழியில் பரனூர் தாண்டிவிட்டார் என்று செய்தி. இயக்குநர் சொன்னதை அப்படியே எழுதினேன்.

"ரெண்டு வழிதான் இருக்கு. ஒண்ணு, நம்ம மெஷினை ஒரு கிண்ணம் சந்தனம் ஏமாத்திடுச்சுன்னு ஒத்துக்கணும். இன்னொண்ணு, செங்கல்பட்டே அசல்னு ஒத்துக்கணும்."

குழு சிறிது நேரம் ஆழ்ந்து யோசித்தது. செங்கல்பட்டே அசல் என்று முடிவாயிற்று.

கேசவன் வந்து இறங்கினார். வாசலிலேயே பிரபாவதி அம்மா ஓடிவந்து, "பூஜைப் பிரசாதம் சார்" என்று கிண்ணத்தின் அடியில் ஒட்டியிருந்த சந்தனத்தை வழித்து அவர் நெற்றியில் இட்டுவிட்டார். வீட்டுக்கு வந்தவரை வெறும் நெற்றியோடு நிற்கவிட அவருக்கு மனம் வராது. இயக்குநர் தடுக்க நீட்டிய கை, கும்பிடும் கையாக மாறியது.

ராஜாராமும் தன் சரக்கை வழியனுப்ப வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஸ்வீட் பெட்டி. பூஜைக்கு அவர் வரவில்லை. அன்றைக்கு அவருக்கு ஒன்பது பூஜைகள்.

கேசவன் இயந்திரத்தைச் சுற்றி வந்தார். ராஜாராம் கையுறை: பச்சை. படாளம் கையுறை: பச்சை. "இது என்ன, எரிக்கறதா சொல்லியிருந்தீங்களே?" என்றார்.

"மறு ஆய்வில அசல்னு தெரியவந்தது சார்" என்றார் இயக்குநர்.

"வெரி குட். என்னையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்களேன், தமாஷுக்கு."

ஆதித்யா அவர் நெற்றியைத் தேய்த்துச் செருகினான். டீயும் வந்தது. பச்சை விளக்கும் வந்தது.

கேசவன் டம்ளரைக் கீழே வைத்தார். சிரிப்பு நின்றுவிட்டது. விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"முப்பது வருஷ சர்வீஸ்" என்றார் மெதுவாக. "என்னை யாரும் இப்படிச் சொன்னதே இல்ல."

கைக்குட்டையை எடுத்தார். இயக்குநர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தேசத்துக்கு உண்மையா உழைக்கறவங்களை மெஷின் கண்டுபிடிச்சுடும் சார்."

இதைக் கேட்ட ராஜாராமுக்கு ஆசை வந்துவிட்டது. "தம்பி, எனக்கும் ஒண்ணு பாரேன்" என்று முன்னால் வந்து குனிந்தார். ஆதித்யா இயக்குநரைப் பார்த்தான். இயக்குநர் உத்தரத்தைப் பார்த்தார். சிவப்பு எரிந்தது.

"இன்னா அண்ணாத்த, மெஷினு கரெக்டாத்தான் சொல்லுது போல" என்று கண்ணாயிரம் என் காதில் சொன்னார்.

கேசவன் புருவத்தை உயர்த்தினார். இயக்குநர் ஒரு கணமும் தடுமாறவில்லை. "சார், விதியில பொருளைப் பத்தித்தான் இருக்கு. ஒப்பந்தக்காரரைப் பத்தி இல்ல. மனுஷர் எப்படியோ, கையுறை அசல்."

ராஜாராம் வியர்த்துப்போய் நின்றார். பிரபாவதி அம்மாவுக்குப் பாவமாகிவிட்டது. "ஐயோ, நீங்க பிரசாதமே எடுத்துக்கலையே" என்று கிண்ணத்தில் கடைசியாக இருந்ததைச் சுரண்டி அவர் நெற்றியிலும் இட்டார். மறுசோதனையில் ராஜாராம் அசலானார். ஸ்வீட் பெட்டி திறக்கப்பட்டது.

கேசவன் சூரியன் சாய்வதற்குள் மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைப் பார்க்க வேண்டியிருந்தது. "ரெண்டு கேம்ப்புக்கும் சரக்கு ரெடியா? பிரமாதம். இன்னைக்கே அனுப்பிடுங்க" என்றார்.

"எது சார் எந்தக் கேம்ப்புக்கு?" என்று கேட்டார் கண்ணாயிரம். இயக்குநர் ஜீப்பில் ஒரு காலை வைத்துவிட்டார்.

"ரெண்டும் அசல்தானேப்பா? எது எங்க போனா என்ன?"

மேலிட விருந்தினர் என்பதால் இயக்குநரே ஜீப்பை ஓட்டிக்கொண்டு போனார். லாரி கண்ணாயிரத்துக்கு. முகாம் பெயர் அச்சடித்த அட்டைகள் இரண்டு கட்டு அவர் கையில் இருந்தன. படாளம் பெட்டிகளின் மேல் தன் மகனுடைய முகாமின் அட்டைகளை ஒட்டினார். ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்து ஒட்டினார். பிறகு மற்றக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு ராஜாராம் பெட்டிகளுக்கு முன்னால் நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"அண்ணாத்த."

"சொல்லுங்க."

"இந்தக் கேம்ப்லயும் எவன் எவன் பெத்த புள்ளைங்களோ கீறானுங்கோ இல்ல?"

அவர் அட்டைகளை ஒட்டினார். இந்த முறை அழுத்தித் தேய்க்கவில்லை.

லாரி செங்கல்பட்டு ஜங்ஷனுக்குப் போயிற்று. இரண்டு முகாம்களுக்கும் ஒரே நாளில் சரக்கு அனுப்பியதற்காக மையத்துக்குப் பாராட்டுக் கேடயம் வந்தது. கேசவனின் ஆய்வறிக்கை இன்றும் சட்டம் போட்டு வரவேற்பறையில் தொங்குகிறது.

மார்கழியில் ஜெயக்குமார் போன் செய்தான். கண்ணாயிரம் ஸ்பீக்கரைப் போட்டு எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"கையி சூப்பரா கீதுப்பா! எல்லாரும் கேக்கறானுங்கோ, எந்த ஊரு கையுறைன்னு. ஆனா ஒண்ணுப்பா, போட்டா சந்தன வாசன வருது. என்னிய எல்லாரும் சாமியாருன்றானுங்கோ. இன்னாப்பா பண்ணீங்கோ?"

பிரபாவதி அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கண்ணாயிரம் போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "அக்கா, அக்கா" என்றார்.

ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. மறுநாளே இயக்குநர் அறை வாசலில் நின்றார்.

"சார், வேண்டா கேக்கச் சொல்லிச்சி. அந்த இன்னொரு கேம்ப்புக்கும் படாளத்துல தச்சித் தர்றாங்களாம். கூலிகூட வாணாமாம், துணி மட்டும் வாங்கிக் குடுத்தா போதுமாம். ராத்திரி தூக்கம் வரலியாம் அதுக்கு."

இயக்குநர் மனம் இளகியவர். உடனே மறுக்கவில்லை, ஒரு கூட்டம் கூட்டித்தான் மறுத்தார். படாளத்துப் பெண்கள் அங்கீகாரம் பெற்றவர்கள் அல்ல. அங்கீகாரம் இல்லாதவர்களுக்குக் குப்பி தர முடியாது. குப்பி இல்லாமல் தைத்தால் அது போலி.

"கொஞ்சம் சந்தனம்..." என்று பிரபாவதி அம்மா ஆரம்பித்தார்.

அதற்கும் இயக்குநர் வழி செய்திருந்தார். எங்கள் மையம் அந்த அனுபவத்திலிருந்து கற்றுக்கொண்டு செய்த ஒரே சீர்திருத்தம் அதுதான். சுற்றறிக்கை என் கையெழுத்தில் இருக்கிறது: 'மைய வளாகத்தில் இனி சந்தனம் தடை செய்யப்படுகிறது. குங்குமம் மட்டும் அனுமதிக்கப்படும்.'

ஆகவே இரண்டாவது முகாமில் இருப்பவை ராஜாராமின் கையுறைகளே. அவற்றின் அசல்தன்மையில் எள்ளளவும் ஐயமில்லை. ஒவ்வொன்றிலும் எங்கள் இயக்குநரின் பெயர் உண்டு, பட்டங்கள் உண்டு, முகவரி உண்டு, தொலைநகல் எண் உண்டு. குறை இருந்தால் எழுதலாம். பத்து முதல் ஐந்து வரை நாங்கள் காத்திருக்கிறோம். அந்த முகாமிலிருந்து இதுவரை ஒரு புகார்கூட வரவில்லை என்பதை ஒவ்வொரு ஆண்டறிக்கையிலும் முதல் சாதனையாக நான்தான் எழுதுகிறேன்.

புகார் எழுத விரல் வேண்டும்.